ரூபனின் பிறந்தநாள் ஜெபம்

ரூபன் என்ற பெயருக்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டு என்று லோஷினிக்கு முதலில் சொன்னவள் பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா. லோஷினி கல்யாணமாகி உலு திராம் ஊருக்கு வந்த புதிது. இருவரும் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எபிரேயப் பேரும்மா அது. 'இதோ பாருங்க, ஒரு மகன்'னு அர்த்தம். பைபிள்ல, புருஷன் மனசுல இடமில்லாமத் தவிச்ச லேயாள், மூத்த பிள்ளைக்கு வச்ச பேரு. ஆண்டவர் என் கஷ்டத்தைப் பார்த்துட்டார்னு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்."

"பெத்தவ சொல்லலாங்க்கா. நான் எந்த வாயால சொல்றது?"

ராசம்மா ஈரத்துணியை இன்னொரு தடவை உதறினாள்.

ரூபனைப் பெற்றவள் பிரவீனா. அவன் நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஜெயபாலன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள்தான் லோஷினி. பையன் அவளோடு நன்றாக ஒட்டிக்கொண்டான். கூப்பிடுவது மட்டும் வாய் நிறைய 'ஆன்ட்டி'!

பிரவீனாவின் அக்கா கோமளா தூரத்து ஊரான பாலோவிலிருந்து அவ்வப்போது வருவாள். லோஷினியைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "இந்தாம்மா" என்பதோடு சரி.

அந்த ஞாயிறு ரூபனின் பிறந்தநாள். பிறந்தநாள் பிள்ளைகள் பெற்றவர்களோடு பீடத்தின் முன்னால் நின்று ஜெபம் வாங்கிக்கொள்வது அவர்கள் போகும் சபையின் வழக்கம். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஜெயபாலனுக்கு லீவு கிடைக்கவில்லை. கோமளாவோ காலையிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரூபன், அம்மாவோட முன்னால வாப்பா" என்றார் போதகர்.

லோஷினி பாதி எழுந்தாள். அதற்குள் கோமளா பையனின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

பின்னால் இரண்டு பெண்கள் கிசுகிசுத்தார்கள்.

"என்ன இருந்தாலும் சொந்த ரத்தம் லா."

"அலமாக், ஐயோ, இவ எழுந்துட்டு உக்கார்றா பாரு. பாவம்!"

"என்ன பாவம்? பெத்தவ இடத்துக்கு இவ ஆசைப்படலாமா?"

லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். 'ஆண்டவரே, பிள்ளை நல்லா இருந்தா போதும்.'

போதகர் பையனின் தலையில் ஒரு கையை வைத்து, மற்றக் கையைக் கோமளாவின் தலைக்குக் கொண்டுபோனார். அவள் சட்டென்று விலகினாள்.

"எனக்கில்லை ஐயா. நான் பெரியம்மா."

பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"பிரவீனா வீட்டு ஆளுங்க கூப்பிடாம, அதோ உக்காந்திருக்கிறவ எழுந்து வரமாட்டா. அதான் பாலோவிலருந்து நானே பஸ் ஏறி வந்தேன்."

லோஷினியை நோக்கிக் கை நீட்டினாள்.

"ரூபன் அம்மா, வந்து உன் பிள்ளை கையைப் பிடிச்சுக்கோ."