ஊசிக்காரி

"ஊசிக்காரி வர்றாப்பா! கதவைச் சாத்துங்க!"

அஞ்சு வயசு நிரம்பாத மகள் கட்டிலுக்கு அடியில் புகப் பார்த்தாள். அப்பா அவளை இடுப்போடு அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். பஸ் டிரைவர் அவர். ஐம்பது பேரை மலை வளைவில் அலுங்காமல் கொண்டு சேர்க்கிற கை. இந்த ஆஸ்பத்திரி அறையில் அந்தக் கைக்கு ஒரே வேலை, மகளை அசையாமல் பிடித்துக்கொள்வது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஊசிக்காரி உள்ளே வந்தாள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கண்ணை மறைத்த பெரிய கண்ணாடி, முழங்கால்வரை நீல அங்கி.

"அம்மா எங்கே? எனக்கு அம்மா வேணும்!"

"மருந்துக்கடை வரிசையில நிக்கறாடா சுண்டெலி. இதோ வந்துடுவா."

மருந்து ஏற்ற ஊசி குத்துவது இது பதினோராவது தடவை. இன்னும் ஒன்பது பாட்டில் ஏற வேண்டும். இடது கை வீங்கிக் கிடந்தது. வலது கையிலும் இன்று நரம்பு கிடைக்காவிட்டால், நாளைக்குக் கழுத்துக்குக் கீழே கீறிக் குழாய் வைப்பதாகக் காலையில்தான் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பா மகளின் வீங்கிய கையைத் தடவிக்கொடுத்தார். "சி... சிஸ்டர். இன்னைக்கு ஒரு நாளாவது வேற யாராவது போடட்டுமே."

"வேற ஆள்னா அஞ்சு குத்து. நான்னா ஒண்ணு. எது வேணும்?" குரல் கரகரவென்று வந்தது.

"அவ உங்களை எப்படி வெறுக்கறா பாருங்க."

"வெறுக்கட்டும். குத்தறதுக்கு ஒருத்தி, கட்டிக்கிட்டு அழறதுக்கு ஒருத்தி. ரெண்டையும் கலந்துட்டா பிள்ளை எங்கே போகும்? முழங்கையைப் பிடிங்க சார். அசைய விடாதீங்க."

"உன் பல்லெல்லாம் கொட்டிப் போகும்!" என்று கத்தினாள் சின்னவள். "உன் சோத்துல கல்லு விழும்!"

"அவ்வளவுதானா சாபம்? நான் என்னமோன்னு நெனச்சேன்."

"உன் செருப்பைக் காக்கா தூக்கிட்டுப் போகும்!"

"அது நல்ல சாபம். இன்னொண்ணு சொல்லு, சத்தமா."

ஊசிக்காரியின் விரல் மணிக்கட்டிலிருந்து மேலே மெல்லத் தடவிப் போனது. ஓர் இடத்தில் நின்றது. மறுபடி தடவியது. அதே இடத்தில் நின்றது.

"உன்... உன் வீட்டு நாய் உன்னையே... ஆ... ஆ!"

குழாயில் ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தது. ஒரே குத்து.

பிளாஸ்திரியை ஒட்டி, பாட்டிலைத் திறந்து, சொட்டு இறங்குவதைப் பார்த்துவிட்டு ஊசிக்காரி விறுவிறுவென்று வெளியே போனாள்.

அப்பா மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "முடிஞ்சுதுடா தங்கம். கழுத்துல குழாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊசிக்காரி போயிட்டா. இனிமே அம்மா வந்துடுவா."

விக்கல் அடங்குவதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் அவசரமாக அவர் காதைப் பிடித்து இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"அப்பா, ஊசிக்காரிதான் அம்மான்னு எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் வலிக்கும்போது நான் யாரைத் திட்டறது? அம்மாவைத் திட்டக் கூடாதுல்ல!"