மூத்தவளுக்கு ஒரு சேலை

“நஞ்சப்பன் எந்த ஊருன்னே யாருக்கும் தெரியாது, கண்ணு. மைசூர் சமஸ்தானத்துலருந்து பொண்டாட்டி தேவீரம்மாவோட வந்தான். அவ சித்தேரி மலைச்சரிவுல விழுந்து செத்துட்டான்னு சொன்னான், உடம்புகூடக் கெடைக்கல. இப்பவாவது வேண்டாம்னு சொல்லிடு,” என்றாள் பக்கத்து வீட்டுக் காவேரி, மணப்பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டே.

“எனக்குப் பயமில்லீங்கம்மா,” என்றாள் ராஜாமணி.

பாப்பிரெட்டிப்பட்டியே நஞ்சப்பனின் பழைய பங்களாவில் கூடியிருந்தது. கறுப்புக் கோட்டு அணிந்த நஞ்சப்பன் தாலியை எடுத்ததும் ராஜாமணி எழுந்துவிட்டாள்.

“மொதல்ல மூத்தவங்களுக்குச் சேலை வெச்சுக் கும்பிடணும். அவங்க உத்தரவு இல்லாம ரெண்டாந்தாரம் கழுத்த நீட்டக் கூடாது.”

“அதெல்லாம் வேண்டாம், உட்காரு!”

“செத்தவங்க வந்து என்னங்க பண்ணிடுவாங்க? எதுக்கு வேர்க்குது உங்களுக்கு?”

“முறைன்னா முறைதான்!” என்று பெண்கள் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

விளக்கின் முன் பச்சைச் சேலையை வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்: “அக்கா, வந்து வாங்கிக்கங்க.”

வாசலில் கூட்டம் விலகியது. ஒருத்தி நொண்டி நொண்டி உள்ளே வந்து முக்காட்டை விலக்கினாள்.

“தேவீரம்மா!” என்று காவேரி அலறினாள். நஞ்சப்பன் கையிலிருந்த தாலி கீழே விழுந்தது.

“தேனெடுக்கப் போன எங்கண்ணன்தான் இவங்களத் தூக்கிட்டு வந்து காப்பாத்துனான்,” என்றாள் ராஜாமணி. “மலையிலருந்து தள்ளுனது யாருன்னு ஊர் முன்னால கேக்கத்தான் இந்த மணையில உட்கார்ந்தேன்.”

தேவீரம்மா சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நஞ்சப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

“உத்தரவு இல்ல,” என்றாள்.