மாதிரிக் கை

"மெஷினையே கைக்குள்ள போட்டுக்கிட்டியாம்மா நீ?"

தலைமை சர்ஜன் காகிதத்தை மேஜைமேல் வீசினார். ரோபோ வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சையில் யாருடைய கை எப்படி என்று மதிப்பெண் போடும் கணினி, அவருடைய உதவி டாக்டருக்குத் தொண்ணூற்றாறு கொடுத்திருந்தது. அவருக்கு நாற்பத்தொன்று.

"நான் எதுவும் பண்ணலை சார்."

"பின்னே? தனியா ஆபரேஷன் பண்ண அனுமதி வேணும்னு வருஷக்கணக்கா என் பின்னாடியே நிக்கிறே. கை இன்னும் பழகலைன்னு நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். மெஷின் தொண்ணூறு போட்டா கையெழுத்துப் போடறேன்னு ஏதோ பேச்சுக்குச் சொன்னா..."

"போட்டிருக்கு சார்."

"எனக்கு நாப்பத்தொண்ணும் போட்டிருக்கே! அது மெஷினா, என் மாமியாரா?"

கணினிப் பொறியாளர் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து இதையேதான் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

"டாக்டர், அதுக்குத் தானா ஒண்ணும் தெரியாது. நல்ல கைன்னு நாங்க எதைக் காட்டினோமோ, அதை வச்சுத்தான் மத்தவங்களை அளக்குது. காட்டினது நீங்களே பொறுக்கிக் கொடுத்த வீடியோக்கள். உங்க பேர்ல இருந்ததிலேயே நல்லதா பார்த்து."

"அதைத்தான்யா நானும் கேக்கறேன்! என்கிட்ட படிச்சுட்டு எனக்கே ஃபெயிலா?"

"அந்த வீடியோல இருக்கிற கையும் இவங்க கையும் அப்படியே ஒத்துப்போகுது. உங்களோடது..."

"பக்கத்துல நின்னு காப்பி அடிச்சிருக்கா. வேற என்ன?"

"காப்பியே தொண்ணூத்தாறுன்னா கையெழுத்துப் போட்டுடலாமே டாக்டர்."

"நீங்க சும்மா இருங்க. ஒரு வீடியோவைப் போடுங்க. அசல் எது, நகல் எதுன்னு இவளே பார்க்கட்டும்."

"வேண்டாம் சார்" என்றாள் உதவி டாக்டர்.

"ஏன், பயமா?"

திரையில் ரோபோவின் இரண்டு சிறிய இடுக்கிகள் மட்டும் தெரிந்தன; ஊசியைக் கைமாற்றிக்கொண்டன. அவசரம் இல்லை. துளி நடுக்கம் இல்லை.

"பார்த்தியா? இதுக்குப் பேர்தான் கை." சர்ஜன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சத்தத்தையும் வைங்க. வேலை செஞ்சுக்கிட்டே எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்னு கேக்கட்டும்."

பொறியாளர் ஒலியைக் கூட்டினார். ஊசி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கதவு திறக்கும் ஓசை. எங்கோ தூரத்திலிருந்து தலைமை சர்ஜனின் குரல்:

"நான் கிளம்பறேம்மா. வழக்கம்போல நீயே முடிச்சுட்டு, என் பேரைப் போட்டுடு."