பூனைப்புதினா

"பூனைக்குன்னே ஒரு செடி வச்சிருக்காங்க சார், எங்க வேலியை ஒட்டி. நீங்களே வந்து பாருங்க."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து பார்த்தார். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் சொன்னது நிஜம்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் தோட்டத்தில், வேலி நெடுக ஊதாப் பூவோடு பூனைப்புதினா. அதன் மேல் இரண்டு பூனைகள், அந்த வாசனையில் கிறங்கி, குடித்துவிட்டு விழுந்தவர்கள் மாதிரி மல்லாந்து கிடந்தன.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்றார் எழுத்தர். இங்கே வருகிற பூனை தன் ரோஜாப் பாத்திக்கு வர எவ்வளவு நேரமாகும்?

"இப்ப வருதா சார்?" என்றார் செயலாளர்.

"இப்ப வரலை. வரும்."

செயலாளர் தையல்காரம்மாவிடம் செடியை வெட்டிவிடச் சொன்னார். அன்று மாலையே அவள் அதை ஒரு சாண் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிட்டாள்.

நாலாம் நாள் காலை ரோஜாப் பாத்தி குழி குழியாகக் கிடந்தது. போன வருஷம் மாதிரியே. போன வருஷம் மாதிரியே அவர் மனைவியைக் கூப்பிட்டார். கேட்டைத் திறந்து போட்டது யார் என்று ஆரம்பித்து, அவள் பிறந்த வீடு வரை போய்த் திரும்பினார். அவள் மண்ணைச் சமன் செய்தாள்.

ஒரு வாரம் தினமும் இதே கூத்து. அப்புறம்தான் எழுத்தருக்கு உறைத்தது. அந்தச் செடி இருந்தவரை ஒரு பூனைகூட வேலி தாண்டவில்லை.

இறங்கிப் போய்ப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். ஆனாலும் ரோஜா ஆயிற்றே. போனார். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"செடி செத்துப் போச்சாம்மா?"

"இல்ல சார், வேர் இருக்கு. வருஷா வருஷம் அதுவா தழைக்கிற ஜாதி. வெட்டினா இன்னும் அடர்த்தியாத்தான் வரும். ஒரு மாசத்துல பூத்துடும்."

அவருக்கு மூச்சு வந்தது.

"என் ரோஜாவுக்காகத்தான் வச்சதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நான் புகாரே குடுத்திருக்க மாட்டேன்."

அவள் திரும்ப மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ரோஜாவுக்காக வைக்கலை சார். பூனை பாத்தியைக் கிளறின அன்னிக்கெல்லாம் அக்காவை நீங்க பேசற பேச்சு, என் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேக்குது."