கொஞ்சலுக்கு ஒரு வாளி தண்ணீர்

“மாரி சினி, சாயாங்... மாரி...”

வாடா செல்லம் என்று மலாயில் குழையும் ஓர் ஆம்பிளைக் குரல், மதிலுக்குப் பின்னாலிருந்து. தெருநாய் கறுப்பி வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே போனது.

சளார்! ஒரு வாளி ஐஸ் தண்ணீர் தலையில் இறங்கியது. கறுப்பி அலறியடித்துக்கொண்டு செம்பனைக் காட்டுப் பக்கம் ஓடியது.

மதிலுக்குப் பின்னாலிருந்து எழுந்தவள் தினேஸ்வரி. வயது பதினைந்து. தலைமையாசிரியை முதல் காய்கறி லோரிக்காரர் வரை, அவள் தொண்டையில் குடியிருக்காத குரலே ஈப்போ ஊரில் இல்லை.

“பாத்தியா புனிதா, உன் மக செய்யுற அக்கிரமத்த?” எதிர்வீட்டுக் கனகராஜ் வாசல் கேட் அருகே வந்து நின்றார். தாமான் குடியிருப்புச் சங்கத் தலைவர். “ஒரு வாரமா இதே கூத்து. ஆம்பிளக் குரல்ல கூப்பிட்டு தண்ணி ஊத்துறா. அப்புறம் சொந்தக் குரல்ல கூப்பிட்டு சோறு போடுறா. வாயில்லா ஜீவன், பைத்தியம் புடிச்சிரும்லா!”

புனிதாவுக்கு மானம் போனது. பெற்ற பெண் இப்படிக் கல்நெஞ்சுக்காரியாய் வளர்கிறாளே!

“குட்டியா இருக்கையில நீதானடி அதுக்குப் பால் ஊத்தி வளர்த்த? அங்கிள்கிட்ட மன்னிப்புக் கேளு.”

“மாட்டேன்.”

“கேக்கலைன்னா இத வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுருவேன்,” என்றார் கனகராஜ்.

“போடுங்க அங்கிள். நல்ல ஆங்கிளா பாத்து எடுங்க. நாளைக்கும் ஊத்துவேன்.”

புனிதா கையை ஓங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஒரு லோரி வந்து நின்றது. பின்னால் இரும்புக் கூண்டு. உள்ளே நாலைந்து நாய்கள். இறங்கியவன் ஒரு கையில் கோழித் துண்டை நீட்டினான். மறு கையிலிருந்த கம்பிச் சுருக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

செம்பனை ஓரமாய் நின்ற கறுப்பியைப் பார்த்துத் தேன் ஒழுகக் கூப்பிட்டான்.

“மாரி சினி, சாயாங்...”

கறுப்பி கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஓட்டம்.

ஓங்கிய கை மகளின் தலையில் மெதுவாய் இறங்கியது. “என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?”

“போன வாரம் பின் தாமான்ல இவன் கூப்பிட்டதக் கேட்டேம்மா. அடுத்து நம்ம தெருதான்னான். யாரு வரச் சொன்னாங்கன்னு தெரியல. அதான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல.”

நாய் பிடிக்க வந்தவன் வெறுமனே தொங்கிய சுருக்கை வீசிவிட்டு, எரிச்சலோடு கைபேசியிலிருந்த பெயரைப் பார்த்து மலாயில் கத்தினான்:

“நாய்த் தொல்லைன்னு விடாம போன் போட்ட கனகராஜ் யாரு?”