கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சொல்

முற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்கிறது. நிழலுக்குள் பூட்டு ரிப்பேர் கலீல் பாயின் இடக்கை. பக்கவாதம் வந்து மூன்று வாரமாக அவருக்கு வலக்கை அசையவில்லை, பேச்சும் வரவில்லை. மேசையில் விரித்திருக்கும் பழைய மருத்துவச் சீட்டை அவர் கண்ணில் படாமல் இத்தனை நாளும் கைப்பைக்குள் மடித்து வைத்திருந்தாள் மனைவி ஆரிஃபா. வெளியே தெப்பக்குளத்து முனையில் ஒரு பஸ் விடாமல் ஹார்ன் அடிக்கிறது. பேச்சுப் பயிற்சி தரும் பெலிண்டா பேனாவின் மூடியைக் கழற்றுகிறாள்.

“இந்த வார்த்தையை மாத்தத்தான் போறேங்க்கா. ஆனா யாரைப் பத்தி எழுதுறோமோ அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டாம இங்க எதையும் எழுதுறதில்ல.”

“வேணாம் மிஸ். அவங்களுக்குப் புரிஞ்சுட்டா?” என்கிறாள் ஆரிஃபா. சொன்ன பிறகுதான், புரியாமல் போய்விட்டால் என்ற பயம் அவளுக்கு வருகிறது.

பெலிண்டா பேனா முனையால் வரியைத் தொட்டுக் காட்டுகிறாள். “பாய், இதுல ‘புத்தி மங்கியவர்’னு போட்டிருக்கு. நான் ‘மொழியிழப்பு, பேச வரவில்லை, புரிகிறது’ன்னு எழுதலாமா?”

மின்விசிறி சீட்டின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கலீல் பாயின் கண்கள் சுவரிலேயே நிற்கின்றன. ஆரிஃபா முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொள்கிறாள். இடக்கை மெல்ல நகர்ந்து, பழைய சொல்லின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறது.

“அந்தப் பழைய வார்த்தைதான் சரிங்கிறாங்களா மிஸ்?” என்கிறாள் ஆரிஃபா.

கட்டைவிரல் அசைகிறது. பூட்டின் துருவைத் தேய்ப்பதுபோல் முன்னும் பின்னும், காகிதம் நைந்து கிழியும்வரை தேய்க்கிறது.