ஓங்கிய சுத்தியல்

கும்மிடிப்பூண்டி உருக்காலையின் உணவுக்கூடத்தில் ஆயுதபூசை நாடகத்திற்கு ஒத்திகை நடக்கிறது. தோற்ற போரின் பழியைச் சுமந்து இராணுவ நீதிமன்றத்தில் நிற்கும் சிப்பாயாக நடிப்பவன் உலைத் தொழிலாளி அந்தோணி. வாயிற்காவலரிடம் இரவல் வாங்கிய காக்கிச் சட்டை அவன் தோளை இறுக்குகிறது. உலையின் செவ்வொளி சன்னலில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. நீதிபதி வேடம் மேற்பார்வையாளர் பாஸ்கருக்கு. பட்டறைச் சுத்தியலால் மேசையைத் தட்டுகிறார். போன வாரம் ஈர இரும்பை உலையில் போடச் சொன்னவர் அவரே. ஈரம் பட்டு உலை வெடித்து, உடன் வேலைசெய்யும் துலுக்காணத்தின் முகம் வெந்தது. பழியோ அந்தோணியின் தலையில். விடிந்தால் நிர்வாக விசாரணை. "குற்றம் என்னுடையதே" என்பது சிப்பாயின் வசனம். அந்தோணியோ சட்டைப் பொத்தானைத் திருகியபடியே நிற்கிறான். "இன்னாபா முழிச்சிக்கினு நிக்கிற? நாளைக்கும் இதே டயலாக்குதான், நல்லா மனப்பாடம் பண்ணிக்கோ" என்கிறார் பாஸ்கர். கூடம் சிரிக்கிறது. "சீக்கிரம் சொல்லு நைனா, டூட்டிக்கு எனக்குச் சட்டை வேணும்!" என்று வாசலிலிருந்து காவலர் கூவுகிறார். பொத்தான் அறுந்து, மேசைக்கடியில் உருண்டோடுகிறது. அந்தோணி நிமிர்கிறான். "ஈர இரும்பைப் போடச் சொன்னது நீங்கதான் சார். நாளைக்கும் இதான் என் டயலாக்கு." இப்போது எவரும் சிரிக்கவில்லை. தட்டுவதற்கு ஓங்கிய சுத்தியல் பாஸ்கரின் கையில் அப்படியே நிற்கிறது.